மலைமுதுகில் ஒரு பயணம் – 9: கீழ்வரிசைக் கற்கள்

சென்ற வாரம் டிட்டிகாக்கா ஏரியின் நாணல் தீவுகளில் விடைபெற்றோம். புனோ நகரிலிருந்து காலையில் கிளம்பிய பேருந்து, 4,300 மீட்டருக்கும் மேலே இருக்கிற லா ராயா கணவாயைத் தாண்டி, பிற்பகலில் ஒரொப்பேசா என்ற சிற்றூரில் வேகம் குறைத்தது. ஜன்னலுக்குக் கீழே பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு கூடை, மேலே துணி போர்த்தியிருந்தது. உள்ளே தாம்பாளம் அகலத்துக்கு வட்ட வட்டமாக ரொட்டி. ‘சுட்டா’ என்று பெயர். பேருந்தில் பாதிப் பேர் நாலைந்து வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒரு விள்ளல் பிய்த்து என்னிடம் நீட்டினார். வெதுவெதுப்பாக, லேசான தித்திப்போடு, சோம்பு மணத்தது.

“குஸ்கோவில் நமக்காக யாராவது காத்திருப்பார்கள். வெறுங்கையோடு போகலாமா?” என்றார்.

எனக்காக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

பெரு நாட்டின் குஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லிமாவிலிருந்து விமானத்தில் நேரே வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். கோக்கா இலை போட்ட வெந்நீரைக் கொடுத்து, ‘படுங்கள்’ என்பார்கள். நான் அதைவிட உயரமான புனோவில் சில நாள் இருந்துவிட்டு வந்ததால் உடம்பு பழகியிருந்தது. விடுதி நடத்தும் அம்மாவின் கையில் ரொட்டியைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே நடக்கக் கிளம்பினேன்.

மேலே வேறு, கீழே வேறு

இன்கா பேரரசின் தலைநகரம் இது. ஊரின் பெயருக்குத் தொப்புள் என்று பொருள் சொல்லி எழுதிவைத்தவர் கார்சிலாசோ தே லா வேகா. 1539இல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா ஸ்பானியப் படைத்தலைவர், அம்மா இன்கா அரச குடும்பத்துப் பெண். இருபது வயதில் ஸ்பெயினுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. தாய்வழி உறவினர்கள் சொன்ன கதைகளை நினைவிலிருந்து எடுத்து அவர் எழுதிய வரலாறு 1609இல் லிஸ்பனில் அச்சானது. குஸ்கோவில் நடக்கும்போது அவர் பெயர் அடிக்கடி காதில் விழும்.

1533 நவம்பரில் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படை இந்த ஊருக்குள் நுழைந்தது. பொன்னை எடுத்து உருக்கினார்கள். பிறகு அரண்மனைகளின் மேல்வரிசைக் கற்களைப் பெயர்த்து, அவற்றாலேயே தேவாலயங்களும் மாளிகைகளும் எழுப்பினார்கள். கீழ்வரிசைகளைப் பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டார்கள். அத்தனை உறுதியான அடித்தளத்தை இடித்துவிட்டு இன்னொன்று கட்ட யாருக்கு மனம் வரும்? அதனால் குஸ்கோவின் மையத்தில் பல தெருக்களில் ஒரே காட்சிதான். தலைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், நீல மர பால்கனி, சிவப்பு ஓடு. இடுப்புக்குக் கீழே கருஞ்சாம்பல் நிறக் கல்.

லொரெத்தோ என்ற சந்துக்குள் நின்று பார்த்தால் இது நன்றாகப் புரியும். ஒரு பக்கச் சுவர், அரசருக்கென்று தேர்ந்தெடுத்த பெண்கள் வாழ்ந்த ‘அக்லவாசி’யினுடையது. அவர்கள் அங்கே துணி நெய்தார்கள், விழாக்களுக்குச் சோளத்தில் ‘சிச்சா’ என்னும் மது வடித்தார்கள். ஸ்பானியர் அந்த இடத்தில் சாந்தா கத்தலீனா கன்னிமடத்தைக் கட்டினார்கள். பெண்கள் வெளியுலகை விட்டு வாழ்ந்த இடம், மதம் மாறிய பிறகும் பெண்கள் வெளியுலகை விட்டு வாழும் இடமாகவே நீடித்தது. எதிர்ச்சுவர் ஓர் அரண்மனையினுடையது. அதன் மேல் ஏசு சபையாரின் தேவாலயம் நிற்கிறது.

சுவரை ஒட்டி நின்றேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து கிடையாது. ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் சற்றே சரித்துச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் இரண்டு கல் சேருமிடத்தில் மெல்லிய நிழல் விழுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுதும் மையால் கோடு போட்டது மாதிரி இருக்கும். கிட்டே போய் அந்தக் கோட்டில் விரலை ஓட்டினால், நிழலுக்கு அடியில் இரண்டு கல்லும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வெயில் இறங்கி, காற்று குளிரத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்தேன். கல்லில் பகல் சூடு இன்னும் இருந்தது.

இந்தச் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்கின்றன. வாசலும் மாடமும் அடியில் அகன்று, மேலே குறுகுகின்றன. நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில், ஒன்றையொன்று கவ்வி நிற்கும் கற்களும் இந்தச் சாய்வும்தான் கட்டடத்தைக் காத்தன. 1650 மார்ச் 31 அன்று ஊரையே உலுக்கிய நிலநடுக்கம் வந்தது. அன்று மக்கள் வெளியே எடுத்து வந்து தொழுத கருநிற இயேசுவை ‘நடுக்கங்களின் ஆண்டவர்’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். புனித வாரத்துத் திங்கட்கிழமை ஊர்வலத்தில் அவர்மேல் ‘ஞுக்சு’ என்ற சிவப்புப் பூவைத் தூவுவார்கள்.

அடுத்த பேரிடி 1950 மே 21. அன்று சாந்தோ தொமிங்கோ மடத்தின் பெரும்பகுதி சரிந்தது. அந்த மடம் எழுந்த இடம் கொரிகாஞ்சா. ‘பொன் வளாகம்’ என்று பொருள். இன்காக்களின் முதன்மையான சூரியக் கோயில் அது. ஒரு காலத்தில் அதன் சுவர்களில் பொன் தகடு வேய்ந்திருந்தது. ஸ்பானியரிடம் பிடிபட்ட இன்கா அரசன் அதஹுவால்பாவை மீட்கத் திரட்டிய பொன்னோடு அந்தத் தகடுகளும் போயின. மடத்தின் காரைச்சுவர் உதிர்ந்தபோது, நானூறு ஆண்டுகளாக மறைந்திருந்த கோயில் அறைகள் வெளியே தெரிந்தன. நிமிர்ந்து நின்றன. இன்று அந்த முற்றத்துக்குள் நுழைந்தால், வளைவு வளைவான ஸ்பானியத் தூண்களுக்கு உள்ளே அந்த அறைகளைப் பார்க்கலாம். ஓர் அறையின் மாடத்து வழியாகப் பார்த்தால் அடுத்த அறையின் மாடம், அதற்குள் இன்னொன்று என்று ஒரே நேர்க்கோட்டில் தெரியும். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை அந்த மாடத்துக்கு முன்னாலேயே கழித்தேன்.

கொசுறு என்றொரு சொல்

மறுநாள் காலை சான் பெத்ரோ சந்தை. ஒரு நகரத்தை அறிய வேண்டுமானால் விடிந்ததும் அதன் சந்தைக்குப் போகவேண்டும் என்பது என் அனுபவம். நீளமான தகரக் கூரைக்குக் கீழே பாலாடைக்கட்டிக்கு ஒரு வரிசை, ரொட்டிக்கு ஒரு வரிசை, மூலிகைக்கு ஒரு வரிசை. பழச்சாறுக் கடைகளின் வரிசையில், உயரமான மேடைக்குப் பின்னால் வெள்ளை மேலங்கி அணிந்த பெண்கள். முன்னால் பப்பாளி, ஆரஞ்சு, மாம்பழம், நம் சீத்தாவின் ஒன்றுவிட்ட சகோதரியான செரிமோயா.

“கசெரீத்தோ, இங்கே வாங்க!” என்று ஒருத்தி கூப்பிட்டாள். ‘கசெரோ’ என்றால் வாடிக்கையாளர். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் அதே சொல்லால்தான் அழைத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே என்னை வாடிக்கைக்காரனாக்கிவிட்டாள். பப்பாளியும் ஆரஞ்சும் கலந்து அடித்து, பெரிய கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை ஊற்றினாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். மிக்ஸி ஜாரை எடுத்து மிச்சத்தை மறுபடி ஊற்றினாள்.

நான் பணத்தைத் தேடினேன். சிரித்துக்கொண்டே தலையசைத்து, “யாப்பா” என்றாள்.

யாப்பா கெச்சுவா மொழிச் சொல். கொசுறு என்று நாம் சொல்வதுதான். கீரைக்கட்டோடு வரும் இரண்டு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் நினைவுக்கு வந்தன. கூடுதலாகக் கிடைக்கும் அந்தக் கொஞ்சத்துக்கு எல்லா மொழியிலும் தனிச்சொல் இருப்பதில்லை. பெருவில் ஸ்பானிஷ் மட்டுமே பேசுகிறவர்களும் இதற்குக் கெச்சுவாச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

கெச்சுவா, இன்கா அரசின் மொழி. அதற்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தச் சந்தையைக் கடக்க முடியாது. 1780இல் இந்த மலைநாட்டில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி வெடித்தது. தலைமை தாங்கியவர் இரண்டாம் தூப்பாக் அமாரு. 1781 மே 18 அன்று குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில், அவர் கண்ணெதிரே மனைவி மிக்காயேலா பாஸ்திதாசையும் மூத்த மகனையும் கொன்றுவிட்டு, அவரையும் கொன்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. இன்கா உடை கூடாது, இன்கா அரசர்களைப் பற்றிய நாடகம் கூடாது, கெச்சுவா ஒழியவேண்டும் என்று ஆணை பிறந்தது. கார்சிலாசோவின் நூலுக்கும் தடை. கெச்சுவாவைப் பெரு ஆட்சிமொழியாக அறிவித்தது 1975இல்.

இடைப்பட்ட காலமெல்லாம் அது எங்கே இருந்தது? இந்தச் சந்தையில் இருந்திருக்கும், அடுப்படியில் இருந்திருக்கும். சூப்புக் கடை வரிசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி, பேரனுக்கு ஊட்டியபடியே அந்த மொழியில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பையன் வாயைத் திறக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். என் மேசையில் ஒரு கிண்ணத்தில் பச்சைநிறத் துவையல். பெயர் ‘உச்சுகுட்டா’. உச்சு என்றால் மிளகாய், குட்டா என்றால் அரைத்தது. கறுப்பு விதையுள்ள ‘ரொக்கோட்டோ’ என்ற குண்டு மிளகாயையும், ‘வாக்கத்தாய்’ என்ற செண்டுமல்லி இனத்துத் தழையையும் தட்டையான கல்லில் வைத்து அரைப்பது. மேலே உருட்டுகிற கல், நம் குழவியைப் போல நீண்டிராமல் பிறைவடிவில் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுவார்கள். கினோவா சூப்பில் அரைக் கரண்டி கலந்து குடித்தேன். காரம் முதலில் ஒளிந்திருந்து, பிறகு காது மடலுக்கு ஏறியது.

பதினைந்து சப்பரங்கள்

நான் போனது கார்ப்புஸ் கிறிஸ்டி திருவிழா வாரம். ஈஸ்டர் கழிந்து அறுபதாவது நாள், வியாழக்கிழமை வரும் விழா. குஸ்கோவின் பல பங்குகளிலிருந்தும் பதினைந்து திருவுருவங்கள் தோள்மீது ஏறிப் பேராலயத்துக்கு வருகின்றன. சரிகை ஆடை, வெள்ளித் தகடு வேய்ந்த சப்பரம், முன்னால் மேளமும் ஊதுகுழலும். புனித ஜெரோமும் புனித செபஸ்தியாரும் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் தங்கள் ஊர்களிலிருந்து யார் முந்துவது என்று போட்டி போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். சுமக்கிறவர்களின் மூச்சு தெருமுனைவரை கேட்டது. வந்த திருவுருவங்கள் எல்லாம் எட்டு நாள் பேராலயத்துக்குள் ஒன்றாகத் தங்கும். அந்த நாட்களில் அவர்கள் கூடி ஊர்விஷயம் பேசுவார்கள் என்பது மக்கள் நம்பிக்கை.

இதே சதுக்கத்தில், ஸ்பானியர் வருமுன், வேறோர் ஊர்வலம் நடந்தது. இறந்துபோன இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களைத் தூக்கிவந்து வரிசையாக உட்கார்த்தி, முன்னே உணவு படைத்து, சிச்சா வார்த்தார்கள். வந்த புதிதில் ஸ்பானியரும் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னர் ஸ்பானிய அதிகாரிகள் அந்த உடல்களைத் தேடிக் கைப்பற்றினார்கள். 1560இல் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கார்சிலாசோ அவற்றில் சிலவற்றைப் பார்த்தார். ஹுவாய்னா காப்பாக் என்ற மாமன்னருடைய உடலின் விரலைத் தொட்டதாக எழுதியிருக்கிறார். பெரியவர்களைத் தோளில் ஏற்றி, சதுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஊரே கூடி உண்பது என்ற வழக்கம் மட்டும் போகவில்லை. சப்பரத்தில் வருகிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

பேராலயத்துக்குள்ளும் இதற்கொரு சாட்சி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் குஸ்கோ ஓவியர் மார்க்கோஸ் சப்பாத்தா வரைந்த இறுதி இராவுணவு ஓவியம். பன்னிரு சீடர்கள் நடுவில் இயேசு. மேசை நடுவே தட்டில், நாலு காலும் மேலே தூக்கியபடி மல்லாந்து கிடப்பது இந்த மலைநாட்டு விருந்தான ‘குய்’, அதாவது கினிப்பன்றி. எருசலேமின் கடைசி விருந்துக்கு ஓவியர் தன் ஊர்ச் சமையலையே பரிமாறியிருக்கிறார். நெருங்கின விருந்தாளிக்கு வீட்டில் இருப்பதில் உயர்ந்ததை எடுத்து வைப்பதுதானே முறை. அந்த ஓவியத்தின் முன்னால் நின்றபோது எனக்கு அதில் பக்தியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

விழா நாளில் உண்ணும் உணவுக்கு ‘சிரி உச்சு’ என்று பெயர். குளிர்ந்த மிளகாய் என்று பொருள். சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் இதற்கென்றே வரிசையாகக் கடைகள். மர பெஞ்சில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இடம் கொடுத்தார்கள். தட்டு வந்தது. அடியில் வறுத்த சோளம். அதன்மேல் குய், கோழி, உப்புக்கண்டம், பன்றி இறைச்சிக் குழல், ஒரு துண்டு பாலாடைக்கட்டி, சோளமாவு அடை, மீன்சினை, கரும்பச்சையாகக் கடற்பாசி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கீற்று ரொக்கோட்டோ. எல்லாமே ஆறிக் குளிர்ந்தது.

எதில் தொடங்குவது என்று தயங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மா என் தட்டைக் காட்டி, “தனித்தனியாகச் சாப்பிடாதீங்க ஐயா. எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி, ஒரே வாயாகப் போடுங்க” என்று விரலால் செய்துகாட்டினார். அப்படியே செய்தேன். உப்புக்கண்டத்தின் கரிப்பு, பாசியின் கடல்வாசம், சோளத்தின் மொறுமொறுப்பு, கடைசியில் மிளகாய். குய் முயல்கறி போல மென்மையாக, அதைவிட நெய்ப்பாக இருந்தது. பசிபிக் கடற்கரைப் பாசியும் மீன்சினையும் மலையேறி வந்தவை. கோழியும் பாலாடைக்கட்டியும் ஸ்பானியர் கப்பலில் வந்தவை. அடியில் கிடக்கும் சோளமும், குய்யும், மேலே கிடக்கும் மிளகாயும் இந்த மண்ணுக்கே உரியவை. லொரெத்தோ சந்தில் பார்த்த சுவரை இப்போது கையில் பிட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

மருமகளை அழவைக்கும் கிழங்கு

குஸ்கோவில் என்னை அதிகம் ஈர்த்தது எது என்று கேட்டால், உருளைக்கிழங்கு என்பேன். தயக்கமே இல்லை. பெருவும் பொலிவியாவும் சேரும் இந்த மலைநாடுதான் அதன் தாயகம். நம் வீட்டுப் பொடிமாசும் மசால்தோசைக்குள் இருக்கும் மசாலாவும் இங்கிருந்து கிளம்பிய பயணத்தின் முடிவில் இருப்பவை. நாம் அறிந்தது இரண்டு மூன்று வகை. ஆண்டிஸ் மலையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுவகைகள் உண்டு. அவற்றைப் பாதுகாக்கவென்றே லிமாவில் 1971 முதல் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இயங்குகிறது.

சந்தையில் கிழங்குக்காரம்மா கறுப்பு, ஊதா, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று குவித்து வைத்திருந்தார். ஒன்றை நறுக்கிக் காட்டினார். வெள்ளைச் சதைக்குள் ஊதா வளையம், கோலம் போட்டது போல. ஒன்று பூமாவின் பாதம் மாதிரி விரல் விரலாக இருந்தது. பெயரும் அதுதான். இன்னொன்று உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும் பள்ளமுமாக இருந்தது. பெயர் கேட்டேன். “கச்சுன் வக்காச்சி” என்றார். மருமகளை அழவைப்பது என்று பொருள். கல்யாணத்துக்கு முன் மாமியார் இதைக் கையில் கொடுத்துத் தோல் சீவச் சொல்வாராம். சதை வீணாகாமல் சீவுகிறாளா என்று பார்ப்பதற்கு.

“நீங்கள் அழுதீர்களா, மமீத்தா?” என்று கேட்டேன்.

“நான் சீவவே இல்லை. வேகவைத்தேன். தோல் தானாக வந்துவிட்டது” என்றார். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு மலைச்சரிவில் பல வகையைக் கலந்து நடுவதில் காரணம் இருக்கிறது. பனி ஒன்றைக் கருக்கினால் இன்னொன்று தப்பும். ஒன்றைப் பூச்சி தின்றால் மற்றொன்று நிற்கும். இந்த அறிவை எழுதிவைத்தவர் யாருமில்லை. பெண்கள் விதைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவைத்த கையிலேயே அது இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் கறுப்பாகக் கூழாங்கல் போல ஏதோ இருந்தது. கையில் எடுத்தேன். நெட்டி மாதிரி எடையே இல்லை. ‘சுன்யோ’ என்றார். ஜூன், ஜூலை மாதங்களில் மலையுச்சியில் இரவு கடும்பனி, பகல் கடும்வெயில். கிழங்கைப் புல்வெளியில் பரப்பிவிட்டால் இரவில் உறைந்துவிடும். காலையில் வெறுங்காலால் மிதித்து, உள்ளிருக்கும் நீரைப் பிழிவார்கள். சில நாள் இப்படிச் செய்து காயவைத்தால், ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்காக்களின் களஞ்சியங்களில் இது குவிந்திருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இதுவே சோறு.

ஒரு கை அள்ளிப் பொட்டலமாக வாங்கிவந்து விடுதி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு மண்சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பு மேடையில் வைத்து மூடினார். “காலையில் பாருங்க” என்றார்.

அன்றிரவு குளிர் எலும்பைத் தொட்டது. தூரத்துச் சதுக்கத்தில் நள்ளிரவு தாண்டியும் மேளம் ஓயவில்லை.

விடிந்ததும் சமையலறைக்குப் போனேன். அம்மா மூடியைத் தூக்கினார். முந்தின நாள் கூழாங்கல்லாக இருந்தவை நீரை உறிஞ்சிப் பருத்திருந்தன. ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் லேசாகப் பிதுக்கினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. “தொட்டுப் பாருங்க” என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

மெத்தென்று இருந்தது. மண்வாசம் வந்தது. எத்தனை வருஷத்துக்கு முன் உறைந்து காய்ந்ததோ, இப்போது மறுபடி உருளைக்கிழங்கு. அதையும் ஆட்டுக்கறியையும் சேர்த்து அவர் சூப்பு வைத்தார். மிச்சமிருந்த சுட்டா ரொட்டியைத் தொட்டுக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். கிண்ணம் காலியானதும், கேட்காமலே இன்னும் அரைக் கரண்டி ஊற்றினார்.

“யாப்பா” என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

*(அடுத்த வாரம்: ஊருக்கு மேலே, சக்சய்வமான் மலைக்கோட்டையில்)*